காரம் தின்றது போக

வெள்ளை வேட்டியில் சாம்பார் சிந்திவிட்டால், கறை பட்ட இடத்தில் சோப்பை வைத்துத் தேய்ப்பதுதான் வீட்டு வழக்கம். தேய்த்த மாத்திரத்தில் மஞ்சள் கறை ரத்தச் சிவப்பாகிவிடும். முதல் தடவை பார்க்கிறவர் பதறிப்போவார். நாலு முறை அலசினால் மறுபடி மஞ்சளாகும். வெயிலில் உலரப் போட்டால் பாதிக் கறை தானாகவே வெளுத்துவிடும். இயற்கை நிறங்களைப் போட்டு வீட்டில் சோப்பு செய்கிறவர்கள் படும் பாடு முழுவதும் இந்த ஒரு வேட்டிக்குள் அடங்கிவிடுகிறது. காரம் பட்டால் நிறம் மாறும், காரம் தணிந்தால் இன்னொரு நிறம் வரும், வெளிச்சம் பட்டால் அதுவும் போகும்.

கைவினைக் கண்காட்சிகளிலும் இயற்கை அங்காடிகளிலும் இப்போது வீட்டுச் சோப்புகளுக்குத் தனி மேசையே போடுகிறார்கள். செம்பருத்தி சோப்பு, பீட்ரூட் சோப்பு, சங்குப்பூ சோப்பு, முருங்கைக்கீரை சோப்பு, எல்லாவற்றுக்கும் நடுநாயகமாகக் காப்பி சோப்பு. காகித உறையில் பளபளக்கும் காப்பிக்கொட்டைப் படம். உள்ளே பழுப்பாக ஒரு கட்டி. மூக்கருகே கொண்டுபோனால் காப்பி மணக்கிறதா? பெரும்பாலும் இல்லை. மணந்தால், அது டிகாக்ஷனிலிருந்து வந்திருக்க வாய்ப்பில்லை. தனியாக ஒரு வாசனைத் திரவம் சேர்ந்திருக்கும். உறையில் எழுதியிருப்பதில் எவ்வளவு கட்டிக்குள் உயிரோடு இருக்கிறது என்பதுதான் இங்கே பார்க்க வேண்டிய கேள்வி.

அதற்கு முதலில் பாத்திரத்துக்குள் நடப்பதைப் பார்த்துவிட வேண்டும். எண்ணெய், தண்ணீர், காஸ்டிக் சோடா ஆகிய மூன்றும் சேர்ந்தால் சோப்பு. காஸ்டிக்கைத் தண்ணீரில் கரைத்து, எண்ணெயில் ஊற்றிக் கலக்கினால், எண்ணெயின் மூலக்கூறு பிளந்து கொழுப்பு அமிலங்கள் சோடியத்தோடு சேர்ந்து சோப்பாகும். கிளிசரின் தனியே பிரிந்து நிற்கும். ஆலைகளில் இதைக் கொதிக்கவைத்துச் செய்து, கிளிசரினைப் பிரித்து வேறு விலைக்கு விற்பார்கள். குளிர்முறை என்கிற கோல்ட் பிராசஸில் அடுப்பு கிடையாது. எண்ணெயும் காஸ்டிக் கரைசலும் 35 முதல் 45 டிகிரி சூட்டில் சந்திக்கின்றன. மிச்சச் சூட்டை வினையே உண்டாக்கிக்கொள்கிறது. கிளிசரின் கட்டியிலேயே தங்கிவிடும். வீட்டுச் சோப்பு தோலை அவ்வளவாக வறட்டாமல் இருப்பதற்கு இது ஒரு காரணம். சென்னை மாதிரி ஈரக்காற்றுள்ள ஊரில் அந்தக் கட்டி முத்துமுத்தாக வியர்ப்பதற்கும் இதே கிளிசரின்தான் காரணம்.

'கெமிக்கல் இல்லாத சோப்பு' என்று சிலர் எழுதி விற்கிறார்கள். காஸ்டிக் சோடாவோ அதன் உறவான பொட்டாஷோ போல ஏதாவது ஒரு காரம் இல்லாமல் உலகத்தில் எந்த எண்ணெயும் சோப்பானதில்லை. கடைசியில் கட்டியில் காஸ்டிக் மிஞ்சக் கூடாது என்பது வேறு விஷயம். மிஞ்சாமல் இருப்பது கணக்கைப் பொறுத்தது. சோப்பு தயாரிப்பில் கண்ணளவு, கையளவு செல்லாது. கிராம் தராசு வேண்டும். 1 கிராம் தேங்காய் எண்ணெயைச் சோப்பாக்க ஏறக்குறைய 0.183 கிராம் காஸ்டிக் பிடிக்கும். ஆலிவ் எண்ணெய்க்கு 0.135, விளக்கெண்ணெய்க்கு 0.128. தேங்காய் 400 கிராம், ஆலிவ் 500, விளக்கெண்ணெய் 100 என்று எடுத்துக்கொண்டால் முறையே 73.2, 67.5, 12.8, மொத்தம் 153.5 கிராம். இதில் 5 சதவீதம் குறைத்து 146 கிராம் மட்டும் போட்டால், அந்த அளவுக்கு எண்ணெய் சோப்பாகாமல் கட்டியில் தங்கித் தோலுக்கு மென்மை தரும். சோப்பு செய்கிறவர்கள் இதை சூப்பர்ஃபேட் என்பார்கள். தண்ணீர், காஸ்டிக்கைப் போல் இரு மடங்கு. சுமார் 290 கிராம். அந்த 290 கிராமின் இடத்தில்தான் காப்பி நுழைகிறது.

ஒரு சின்ன வரலாறு இங்கே பொருத்தமாக இருக்கும். கொழுப்பு சோப்பாகும்போது என்ன ஆகிறது என்பதை முதலில் பிரித்துச் சொன்னவர் மிஷேல் யூஜீன் செவ்ரோல் என்ற பிரெஞ்சு வேதியியலாளர். கிளிசரினுக்குப் பெயர் வைத்தவரும் அவர்தான். கொழுப்புகள் பற்றிய அவருடைய ஆய்வு நூல் 1823-ல் வெளிவந்தது. அடுத்த ஆண்டே பாரிஸில் கோப்லென் அரச நெசவுக்கூடத்தின் சாயப் பிரிவுக்குத் தலைமை ஏற்றார். அங்கே கருப்புச் சாயம் எடுபடவில்லை என்று புகார் வந்தபோது ஆராய்ந்து பார்த்து, குற்றம் சாயத்தில் இல்லை, பக்கத்தில் நெய்த நிறங்கள் கண்ணை ஏய்க்கின்றன என்று கண்டுபிடித்தார். 1839-ல் அதையே நிறங்கள் பற்றிய பெரிய நூலாக எழுதினார். 102 வயது வாழ்ந்து 1889-ல் இறந்தார். சோப்பும் சாயமும் ஒரே மேசையில் சந்தித்தது அவரிடத்தில்தான். ஆனாலும் சோப்புக்குள் சாயத்தைப் போட்டால் என்ன ஆகும் என்ற தலைவலியை அவர் நம் காலத்து வீட்டுப் பெண்களுக்கு விட்டுவைத்துப் போனார்.

தென்னகத்துக்கு இந்தத் தொழில் புதிதில்லை. இலங்கைத் தமிழர் இன்றும் சோப்பைச் சவர்க்காரம் என்றே சொல்கிறார்கள். அந்தச் சொல்லிலேயே காரம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கோழிக்கோட்டில் கேரள சோப்பு நிலையம் 1914-ல், அது சென்னை மாகாணமாக இருந்த நாளில், தொடங்கியது. பெங்களூரில் மைசூர் அரசின் சோப்புத் தொழிற்சாலை 1916-ல் வந்து சந்தன சோப்பைத் தந்தது. இரிஞ்ஞாலக்குடாவில் சி.ஆர். கேசவன் வைத்தியர் 1940-ல் சந்திரிகாவைத் தொடங்கினார். சென்னையில் ரயில்வே மருத்துவராக இருந்த வி.பி. சித்தன் 1969-ல் வீட்டளவில் தொடங்கியதுதான் மெடிமிக்ஸ். தேங்காய் எண்ணெய் மலிவாகக் கிடைத்த தென்னகத்தில் இவ்வளவு சோப்பு பிறந்ததில் வியப்பில்லை. தேங்காய் எண்ணெய் போல் நுரைக்கிற எண்ணெய் வேறு எளிதில் அகப்படாது.

இனி காப்பி.

முதல் எச்சரிக்கை, வீட்டில் இருக்கும் காப்பிப்பொடி பொட்டலத்தைத் திருப்பிப் பார்ப்பது. சிக்கரி கலந்த பொடிதான் நம் ஊரில் அதிகம். 49 சதவீதம் வரை கலக்கச் சட்டமே இடம் தருகிறது. அந்தக் கலவை பில்டரில் கெட்டியாக இறங்கும், குடிக்கவும் சுகம். சோப்புக்கு ஒத்துவராது. சிக்கரியில் உள்ள சர்க்கரைச் சத்து காஸ்டிக்கோடு சேர்ந்து சூட்டைக் கிளப்பும். கலவை பொங்கும், கருகும். பால் கலந்த காப்பி அதைவிட மோசம். பாலின் சர்க்கரை காரத்தில் ஆரஞ்சாகிப் பழுப்பாகி, அம்மோனியா நெடி அடிக்கும். ஆகவே சிக்கரி, பால், சர்க்கரை எதுவும் இல்லாத முதல் டிகாக்ஷன்தான் வேண்டும். நாலைந்து மேசைக்கரண்டி பொடியில் கெட்டியாக இறக்கி, ஐஸ் தட்டில் ஊற்றி, ராத்திரியே ஃப்ரீசரில் வைத்துவிட வேண்டும்.

காலையில் நடப்பதை நேரில் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். எவர்சில்வர் பாத்திரத்தில் கருப்புக் கட்டிகள் கிடக்கின்றன. கண்ணாடியும் கையுறையும் போட்ட பெண், ஜன்னலைத் திறந்துவைத்துவிட்டு, ஒரு கரண்டி காஸ்டிக்கைத் தூவுகிறார். சின்னதாகச் சிர்ரென்ற சத்தம். கட்டியின் ஓரம் உருகுகிறது. இரண்டாவது கரண்டி. மேலே மெல்லிய ஆடை படிகிறது. காப்பியில் இருந்த கொழுப்பு அப்போதே சோப்பாகத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். மூன்றாவது கரண்டியில் நெடி கிளம்புகிறது. காலையில் குடித்த காப்பிக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நனைந்த நாயின் ரோமமும் தீய்ந்த முடியும் சேர்ந்த மாதிரி ஒரு வாடை வீடு பூராவும் பரவும். பக்கத்து அறையில் இருப்பவர் எட்டிப் பார்த்து, என்ன எரிகிறது என்று கேட்காமல் போனால்தான் ஆச்சரியம். இந்த வாடை பயப்படக்கூடியதில்லை. கட்டி காய்ந்து முடிவதற்குள் போய்விடும். ஆனால் போகும்போது காப்பி மணத்தையும் கையோடு கூட்டிக்கொண்டு போகும்.

ஏன்? வறுத்த காப்பியில் ஆவியாகும் பொருள்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. பொட்டலத்தைப் பிரித்ததும் மூக்கில் ஏறும் அந்த மணத்துக்கு முக்கியக் காரணம் ஃபர்ஃபியூரில் தயால் என்னும், கந்தகம் சேர்ந்த ஒரு பொருள். இருப்பது அணுவளவு, மணம் ஊரளவு. காரத்தில் பட்டால் அது உப்பாக மாறி, ஆவியாகி மூக்குக்கு வரும் திறனை இழக்கிறது. மற்ற மணப்பொருள்களும் சூட்டிலும் காரத்திலும் சிதைகின்றன. பி.எச் 13-க்கு மேல் இருக்கிற ஒரு கரைசலில் போய்த் தும்பைப்பூ மணம் தேடுகிற கதைதான். காப்பி மணம் வேண்டுமென்றால், காப்பிக்கொட்டையைத் தேங்காய் எண்ணெயில் வாரக்கணக்கில் ஊறவைத்துப் பார்க்கிறார்கள். கொஞ்சம் பலன் உண்டு, பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். கொட்டையிலிருந்து பிரித்தெடுத்த சாற்றெண்ணெய் விலைக்குக் கிடைக்கிறது. அதைக் கடைசியில் சேர்த்தால் ஓரளவு நிற்கும்.

மணம் போகட்டும், காஃபீன்? தோலை இறுக்கும், கொழுப்பைக் கரைக்கும் என்று உறைகள் பேசுகின்றன. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 290 கிராம் கெட்டி டிகாக்ஷனில் தாராளமாக 400 மில்லிகிராம் காஃபீன் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தக் கலவை 1,436 கிராம். 100 கிராம் கட்டிக்கு 28 மில்லிகிராம். ஒரு குளியலுக்கு 3 கிராம் சோப்பு கரைந்தால், உடம்பு முழுவதற்கும் சேர்த்து ஒரு மில்லிகிராமுக்கும் குறைவு. அதுவும் ஒரு நிமிடத்தில் தண்ணீரோடு சாக்கடைக்குப் போகிறது. ஒரு டம்ளர் காப்பியில் இதைப் போல் பல பத்து மடங்கு இருக்கிறது. போதாக்குறைக்குச் சூடான காரம் காஃபீனையும் மெல்லச் சிதைக்கும். உறையில் எழுதியவர் இந்தக் கணக்கைப் போடவில்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஆக, காப்பியில் தப்பிப் பிழைப்பவை இரண்டே இரண்டு: பழுப்பு நிறமும், பொடியின் கரகரப்பும். இரண்டும் உண்மையான லாபம். வறுக்கும்போதே சர்க்கரையும் புரதமும் சேர்ந்து உண்டான பழுப்பு அது. சூட்டிலேயே பிறந்த நிறம் என்பதாலோ என்னவோ, காரத்துக்கு அவ்வளவாக அஞ்சுவதில்லை. டிகாக்ஷனின் கெட்டியைப் பொறுத்து வெல்ல நிறத்திலிருந்து கருப்பட்டி நிறம் வரை வரும். ஊற்றிய அச்சைத் துண்டால் போர்த்தி வைத்தால், உள்சூடு ஏறிக் கலவை ஒரு கட்டத்தில் கண்ணாடி மாதிரி கூழாகும். ஜெல் கட்டம் என்பார்கள். அதைக் கடந்த கட்டி அடர்ந்த நிறத்தில் வரும். போர்த்தாமல் விட்டால் வெளிறி, பால் அதிகமான காப்பி போல நிற்கும். சில சமயம் நடுவில் மட்டும் ஜெல்லாகி, ஓரம் வெளிறி, வெட்டிப் பார்த்தால் உள்ளே வட்டமாக ஒரு நிழல் தெரியும். குறை ஒன்றும் இல்லை. பார்வைக்குத்தான் ஒரு மாதிரி.

முழு டிகாக்ஷனில் காஸ்டிக்கைக் கரைக்கப் பயப்படுகிறவர்களுக்கு ஒரு மாற்று வழி உண்டு. 146 கிராம் காஸ்டிக்கை அதே எடைத் தண்ணீரில் கரைத்து ஆறவிட்டு, மிச்சமுள்ள 144 கிராமைக் குளிர்ந்த கெட்டி டிகாக்ஷனாக எண்ணெயில் சேர்ப்பது. நெடி குறையும், பொங்குதல் குறையும். காஸ்டிக்கின் எடைக்குக் குறையாத தண்ணீர் கரைப்பதற்கு வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

கரகரப்புக்கு, டிகாக்ஷன் இறக்கிய பின் பில்டரில் தங்கும் சக்கையே போதும். வெயிலில் மொறமொறவென்று உலர்த்திச் சலித்துக்கொள்ள வேண்டும். அரை கிலோ எண்ணெய்க்கு ஒரு தேக்கரண்டி. இறக்காத புதுப் பொடியைப் போட்டால் ஒவ்வொரு துகளைச் சுற்றியும் பழுப்பு வட்டம் கசியும்; சிலருக்கு அந்தப் புள்ளிக்கோலம் பிடிக்கிறது. கொரகொரப்பான பொடி முகத்துக்கு ஆகாது, கீறும். கைக்கும் காலுக்கும், முக்கியமாகச் சமையலறைத் தொட்டியருகே வைக்க, இதற்கு இணை வேறில்லை. மீன் கழுவிய கை, வெங்காயம் நறுக்கிய கை, எண்ணெய்ப் பிசுக்குக் கை எல்லாவற்றுக்கும் தேய்ப்பும் நுரையும் சேர்ந்து வேலை செய்யும். காப்பி சோப்பின் உண்மையான இடம் குளியலறை அலமாரியைவிட அந்தத் தொட்டி ஓரம்தான் என்று தோன்றுகிறது.

நிறங்களுக்கு வந்தால், ஒவ்வொரு செடிக்கும் காரத்தின் முன் ஒரு தலையெழுத்து. அடுக்களைச் சரக்கில் மஞ்சளின் கதை எல்லோருக்கும் தெரிந்தது. தெரியும் என்பதே தெரியாமல் இருக்கிறோம், அவ்வளவுதான். மஞ்சள் தண்ணீரில் துளி சுண்ணாம்பு கரைத்தால் ஆரத்தி. மஞ்சளும் காரமும் சேர்ந்தால் குங்குமம். சோப்புக் கலவையில் மஞ்சள்பொடி விழுந்ததும் அதே ஆரத்திச் சிவப்பு எழும். பார்த்துப் பூரித்துவிடக் கூடாது. நாள் ஆக ஆகக் கட்டியின் காரம் தணிந்து பி.எச் 9, 10-க்கு இறங்கும்; சிவப்பு ஆரஞ்சாகி, பிறகு கடுகுப் பொன்னாகும். வெயில் படும் ஜன்னலோரம் வைத்தால் அதுவும் சில மாதத்தில் வெளிறிச் சந்தன நிறத்துக்கு வரும். எண்ணெயிலேயே மஞ்சளை ஊறவைத்து வடிகட்டிக்கொண்டால் நிறம் சீராகப் பரவும்; புள்ளி விழாது.

பீட்ரூட்டும் செம்பருத்தியும் பச்சை ஏமாற்று. பீட்ரூட்டின் சிவப்பு, லேசான புளிப்பில் வாழ்வது. காரத்தில் மஞ்சளாகி, மறுநாள் மண் நிறமாக முடியும். செம்பருத்தியும் சங்குப்பூவும் ஒரே குடும்பத்து நிறமியைக் கொண்டவை. சங்குப்பூத் தேநீரில் எலுமிச்சை பிழிந்தால் ஊதாவாகும் என்பது இப்போது குழந்தைகளுக்கும் தெரிந்த வேடிக்கை. அதே தேநீரில் சமையல் சோடா போட்டுப் பார்த்தவர்கள் குறைவு. பச்சையாகும். காஸ்டிக் பட்டால் பச்சையும் தாண்டி மஞ்சளாகி, கடைசியில் சாயம் போன காக்கி. கடையில் அழகான இளஞ்சிவப்பில் 'பீட்ரூட் சோப்பு' கண்டால், பீட்ரூட் உள்ளே இருக்கலாம். அந்த நிறம் பீட்ரூட்டினுடையது இல்லை. மைக்காவோ செயற்கைச் சாயமோ கை கொடுத்திருக்கும். அது பாவமில்லை. உறையில் சொல்லாமல் விடுவதுதான் தப்பு.

கீரைப் பச்சைக்குச் சற்று நல்ல காலம். கீரை மசிக்கும்போது சமையல் சோடா போட்டால் பச்சை மாறாது என்பது ஓட்டல் சமையல்காரர்களின் பழைய தந்திரம். பச்சையம் புளிப்பில் கெடும், காரத்தில் தாங்கும். ஆகவே முருங்கை இலைப்பொடி போட்ட கட்டி முதல் வாரம் கண்ணைப் பறிக்கும். எதிரி வேறு பக்கமிருந்து வருகிறான்: வெளிச்சமும் காற்றும். இதற்கு உலகறிந்த சாட்சி சிரியாவின் அலெப்போ சோப்பு. ஆலிவ் எண்ணெயும் லாரல் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சி, மாதக்கணக்கில் அடுக்கிக் காயவைப்பார்கள். வெளிப்புறம் பொன்பழுப்பாகிவிடும், கத்தி வைத்து வெட்டினால் உள்ளே இன்னும் பச்சை. அங்கே அந்த மங்கலையே பழமைக்கு முத்திரையாகக் கொண்டாடுகிறார்கள். அந்தக் கைவினையை யுனெஸ்கோ 2024-ல் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. நம் முருங்கை சோப்பு மங்கினால் மட்டும் 'பழசாகிவிட்டது' என்று திருப்பித் தருகிறோம்.

நாட்டு மருந்துக் கடையில்தான் உண்மையான புதையல் இருக்கிறது. கூந்தல் தைலத்துக்குச் சிவப்பு ஏற்றப் போடும் வேம்பாளம்பட்டையை எடுத்துக்கொள்ளலாம். தேங்காய் எண்ணெயில் போட்ட கால் மணியில் எண்ணெய் மாணிக்கச் சிவப்பாகும். அந்த எண்ணெயில் காஸ்டிக் கரைசலை ஊற்றும் கணத்தில் சிவப்பு மறைந்து, நீலமும் ஊதாவும் கலந்த ஒரு மேகம் கிளம்பும். காரம் இங்கே நிறத்தைத் தின்னாமல் இன்னொரு நிறமாகப் பெற்றுத் தருகிறது. காய்ந்தபின் சாம்பல் பூத்த ஊதா. பட்டையின் அளவு கூடினால் கருநீலம் வரை போகும். பாட்டிமார் தைலத்துக்கு வாங்கிவைத்த சரக்கு, சோப்பு செய்யும் பேத்திக்கு ஊதா நிறம் தருகிறது.

மஞ்சிட்டி வேர் அடுத்தது. பருத்தியைச் சிவப்பாக்க இந்தக் குடும்பத்து வேர்களை மனிதர் கையாண்டது மொகஞ்சதாரோ காலம் தொட்டு நடப்பது. சோழமண்டலக் கரையின் சாயவேர்ச் சிவப்பு கடல் கடந்து விலைபோனது. இந்த வேர்களின் சிவப்புக்குக் காரமும் பழக்கம், வெயிலும் பழக்கம். துணி வெளுக்கிற உவர்மண்ணையே தாங்கிய நிறம் சோப்பைத் தாங்காதா? பொடியைக் காஸ்டிக் கரைசலிலேயே போட்டுவிடலாம். ரோஜா நிறத்திலிருந்து செங்கல் நிறம் வரை கிடைக்கும். பீட்ரூட் சிவப்பைத் தேடி அலைகிறவர்கள் மஞ்சிட்டிக்கு வர வேண்டும்.

நீலத்துக்கு அவுரி. இதில் ஒரு குழப்பம் உண்டு. தலைக்குப் பூசும் அவுரி இலைப்பொடியும், இலையை ஊறவைத்து அடித்துத் தெளியவைத்து எடுக்கும் நீலக்கட்டியும் வேறு வேறு. இலைப்பொடியைப் போட்டால் பச்சை கலந்த சாம்பலே வரும். நீலம் வேண்டுமானால் கட்டிதான். அந்த நீலம் தண்ணீரிலும் கரையாது, எண்ணெயிலும் கரையாது. துகளாகவே நிற்பதால் காரம் அதை ஒன்றும் செய்வதில்லை. கால் தேக்கரண்டி போதும். கை தாராளமானால் நுரை நீலமாக வரும், துண்டு நீலமாகும், வீட்டில் சண்டையும் வரும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஜாப்ரா விதை எண்ணெயில் ஊறினால் நின்று நிலைக்கும் ஆரஞ்சு. காரட் விழுதில் இளமஞ்சள். நிறமி எண்ணெயில் கரைவது என்பதால் தப்பிக்கிறது. மிளகாய்ப்பொடி நிறம் தரும், எரிச்சலும் தரும், விட்டுவிடுவது நல்லது. மருதாணி சேற்றுப் பச்சை. கோக்கோ, காப்பிக்குத் துணையான பழுப்பு. கரி எக்காலத்திலும் மாறாத கருப்பு. முல்தானி மட்டி, வெள்ளைக் களிமண் போன்றவை மெல்லிய நிறமும் வழவழப்பும் தரும். காவிக்கல் இரும்புத் துரு என்பதால் அசையாது. ஆனால் மண்ணிலிருந்து எடுத்த காவியில் ஈயமும் ஆர்செனிக்கும் கலந்திருக்க வாய்ப்புண்டு. கோலத்துக்கு வாங்கிய காவியை உடம்பில் பூசும் சோப்பில் போடக் கூடாது. இயற்கை என்ற ஒரு சொல்லே பாதுகாப்புச் சான்றிதழ் ஆகிவிடாது.

காஸ்டிக் பற்றி இரண்டு வார்த்தை கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். காஸ்டிக்கைத்தான் தண்ணீரில் தூவ வேண்டும். தண்ணீரை காஸ்டிக்கின் மேல் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். சாதாரணத் தண்ணீரில் கரைத்தாலே சூடு 80 டிகிரியைத் தாண்டும். அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது. ஹைட்ரஜன் வாயு நுரைத்துக் கிளம்பி, பாத்திரத்தையும் அரித்துவிடும். மேலே பட்டால் வினிகரைத் தேடி ஓடாமல், குழாயடியில் நின்று நிறையத் தண்ணீரில் நெடுநேரம் கழுவ வேண்டும். கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கரைசலைக் குடிதண்ணீர் பாட்டிலிலோ டம்ளரிலோ ஒரு நிமிடம்கூட வைக்கலாகாது. அதுவும் காப்பியில் கரைத்த காஸ்டிக், பார்க்கக் காப்பி மாதிரியே இருக்கும். குழந்தையும் ஏமாறும், தூக்கக் கலக்கத்தில் பெரியவரும் ஏமாறுவார்.

விற்க நினைக்கிறவர்களுக்கும் ஒரு வாசல் உண்டு. குளியல் சோப்பு நம் சட்டத்தில் அழகுசாதனப் பொருள். 1940-ம் ஆண்டுச் சட்டமும் 2020-ம் ஆண்டு அழகுசாதன விதிகளும் செல்லும். விற்பனைக்குத் தயாரிக்க மாநில உரிமம் வாங்க வேண்டும். வீட்டில் செய்தது, கையால் செய்தது என்பதற்காக விலக்கு கிடையாது. பருவைப் போக்கும், தேமலை ஆற்றும் என்று எழுதினால், பேச்சு மருந்துச் சட்டத்துக்குப் போய்விடும். கண்காட்சி மேசைகளில் இதை யாரும் யாரிடமும் கேட்பதாகத் தெரியவில்லை.

கலக்கிக்கொண்டிருக்கும்போது, கரண்டியால் தூக்கி ஊற்றினால் கோடு விழுந்து சற்று நிற்கிற பதம் வரும். தோசை மாவைவிடக் கொஞ்சம் தளர்வு. ட்ரேஸ் என்கிற இந்தப் பதத்தில்தான் சக்கையும் நிறப்பொடியும் சேரும், பிறகு அச்சில் ஊற்ற வேண்டும். ஒரு நாள் அல்லது இரண்டு நாளில் அச்சிலிருந்து எடுத்து வெட்டலாம். காப்பிக் கட்டியின் மேல் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால், மேற்பரப்பில் இருந்த காரம் காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து சோடாச் சாம்பலானது என்று பொருள். ஈரத்துணியால் துடைத்தால் போகும். பிறகு காற்றோட்டமான, வெயில் படாத பலகையில் நாலு முதல் ஆறு வாரம். மழைக்காலத்தில் இன்னும் ஒரு வாரம் கூட்டிக்கொள்ளலாம். எடை குறையும், கட்டி இறுகும், நிறம் தன் கடைசி நிறத்துக்கு வரும். வெட்டிய அன்று எடுத்த படத்தைப் பார்த்து எந்த நிறத்தையும் மெச்ச வேண்டாம். ஆறாவது வாரத்துப் படத்தைக் கேட்டு வாங்குங்கள். கட்டியின் அடியில் ஊற்றிய தேதியைக் கத்தி முனையால் கீறி வையுங்கள். மாசி முதல் தேதி ஊற்றியது பங்குனி நடுவில்தான் கைக்கு வரும்.